கையளிப்பவரும் கையேற்பவரும்

ஓய்வு பெற்றவனைத் தேடிக் கந்தோரிலிருந்து ஆள் வந்தால் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஓய்வூதியத்தில் தவறிக் கூடுதலாகக் கொடுத்திருப்பார்கள். அல்லது ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை. சென்ற மாதம் வீட்டுக்கு வந்த இளம் உத்தியோகத்தர் இரண்டுமில்லை என்றார். பழைய வாகனப் பதிவுகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். ஒரு கட்டுப் படிவங்களில் மட்டும் ஒவ்வொரு தாளிலும் இரண்டு சொற்கள் சிவப்பு மையில் வெட்டப்பட்டு, மேலே வேறு சொற்கள் எழுதப்பட்டு, பக்கத்தில் மூன்று பேருடைய சுருக்கொப்பம் இருக்கிறதாம். மூன்றில் ஒன்று என்னுடையது. அந்தக் காலத்தில் அப்படி ஒரு விதி இருந்ததா என்று கேட்டார். அவ்வளவு மரியாதையாகக் கேட்டதால் ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. விதி அல்ல, என் பிழை என்றேன். அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். சொல்லத் தொடங்கிய எனக்குத்தான் நிறுத்த முடியவில்லை.

நான் மாத்தளைக்காரன். வாப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு சில்லறைக் கடை. சிங்களம் தெருவில் வந்தது, ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது, தமிழ் வீட்டிலேயே இருந்தது. மூன்றும் தெரிந்தவன் என்பதால் ஐம்பதுகளின் கடைசியில் அரசாங்க எழுதுவினைஞனாக எடுத்தார்கள். பயிற்சி என்று ஆறு மாதம் தபால் பதிந்தேன். பிறகு வாகனப் பிரிவில் ஒரு மேசை கொடுத்தார்கள். அந்த மேசையின் லாச்சி திறக்காது. நான் ஓய்வு பெறும் வரையிலும் திறக்கவில்லை.

வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரோ லொறியோ ட்ரெக்டரோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. அதில் இரண்டு சொந்தக்காரர்களுக்கு இடம் இருக்கும். ஒருவர் பதிவுச் சொந்தக்காரர்: வண்டியை ஓட்டுவார், டயர் மாற்றுவார், மழையில் தள்ளுவார். மற்றவர் முழுச் சொந்தக்காரர்: வண்டி வாங்கக் கடன் கொடுத்தவர். அவர் வண்டியைக் கண்ணாலும் கண்டிருக்க மாட்டார். ஆனால் எந்த நாளிலும் வந்து எடுத்துக்கொண்டு போகலாம். கடன் தீர்ந்ததும் அவர் விடுவிப்புக் கடிதம் தரவேண்டும். வண்டி கைமாறினால் விற்றவரும் வாங்கியவரும் ஒரு படிவத்தில் கையொப்பமிட வேண்டும். அதை நாங்கள் பரிசோதித்து, பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு, கொழும்புக்கு அனுப்புவோம். புத்தகத்தில் பெயர் மாறினால்தான் அடுத்த வருட அனுமதிப்பத்திரம் கொடுப்போம். அது இல்லாமல் வண்டி தெருவில் இறங்கினால் பொலிஸ் பிடிக்கும்.

பிரிவுக்குப் பெரிய கிளாக்கர் ஹேரத் மாத்தயா; மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மெலிந்த மனிதர், வெள்ளைக் காற்சட்டை, கோட்டுப் பையில் மடித்த லேஞ்சி. பேரேட்டைத் திறக்கும் முன் போய்க் கை கழுவிவிட்டு வருவார். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் எழுதமாட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு, பேசுகிறவரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு பெரிய முதலாளியும் அரை நிமிடத்தில் நிறுத்திவிடுவார். விடுவிப்புக் கடிதம் வந்தால் அதில் உள்ள பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுவார். பிறகு அடிமட்டம் வைத்து, முழுச் சொந்தக்காரரின் பெயர்மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு மெல்லிய கோடு போடுவார். கோட்டின் அடியில் பெயர் தெளிவாகத் தெரியவேண்டும். ஒருமுறை நான் இரண்டு கோடு போட்டு எழுத்தை மறைத்துவிட்டேன். அழித்ததை வாசிக்க முடியாவிட்டால் அது திருத்தம் இல்லை, திருட்டு என்றார்.

கண்ணையும் அவர் நம்பமாட்டார். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் செசி நம்பரைப் பார்த்து எழுதக்கூடாது. மெல்லிய கடுதாசியை அதன்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கவேண்டும். தேய்க்கப் படுப்பவன் நான். மாத்தளையில் ஓடிய வாகனங்களில் பாதியின் வயிற்றை நான் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை மிளகு ஏற்றும் லொறி ஒன்றுக்கு ஒரே வாரத்தில் மூன்று பேர் வந்து தனித்தனியாகத் தங்களுடையது என்றார்கள். மூவரும் ஒரே வாப்பாவின் பிள்ளைகள், மூவருக்கும் ஒரே முதலெழுத்துக்கள். ஹேரத் மாத்தயா யார் சொன்னதையும் மறுக்கவில்லை. பதிவுப் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அது வாப்பாவின் தம்பியான அவர்களுடைய சாச்சாவிடம் இருந்தது. அடுத்த வாரம் நான்காவதாக அவரும் வந்தார்.

ஆட்சிமொழி சிங்களமான பிறகு படிவங்கள் சிங்களத்தில் வரத் தொடங்கின. தமிழர்களும் எங்கள் முஸ்லிம் ஆட்களும் கவுன்டரில் நின்று விழித்தார்கள். உரிமைமாற்றப் படிவத்துக்கு நம் பாவனைக்காக ஒரு தமிழ்ப் பிரதி செய்யச் சொல்லி ஹேரத் மாத்தயா என்னிடம் கொடுத்தார். கட்டங்கள் சிங்களப் படிவத்தில் இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. கொழும்பில் அந்த மேசையில் தமிழ் தெரிந்தவர் இல்லை. இடது பக்கம் கையொப்பமிட்டவர் விற்றவர், வலது பக்கம் வாங்கியவர் என்றுதான் பார்ப்பார்கள். மூன்று நாள் அகராதியோடு உட்கார்ந்தேன். விற்பவர், வாங்குபவர் என்று எழுதியிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். அது எனக்குப் போதுமான கௌரவமாகப் படவில்லை. நன்கொடையும் கைமாற்றம்தானே என்று காரணம் கற்பித்துக்கொண்டு, உரிமையைக் கையளிப்பவர் என்றும் உரிமையைக் கையேற்பவர் என்றும் எழுதினேன். ஸ்டென்சிலும் நானே வெட்டினேன். ஹேரத் மாத்தயா தாளைப் பத்து நிமிடம் பார்த்தார். எழுத்து வரிசையாக இருக்கிறது என்று சொல்லி, மூலப்பிரதியின் அடியில் சரிபார்க்கப்பட்டது என்று கையொப்பமிட்டார். அவருக்குத் தமிழில் ஒரு எழுத்தும் தெரியாது.

இரண்டு வருடம் போல அந்தப் படிவம் ஓடியது. ஒரு குறையும் வரவில்லை.

அறுபதுகளில் எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பினார். அவரிடம் பத்தொன்பது வருடம் கார் ஓட்டியவர் சன்னாசி. பிரியும்போது காரை அவருக்கே கொடுத்துவிடத் துரை தீர்மானித்து, கைமாற்றப் படிவம் கேட்டு ஆள் அனுப்பினார். தமிழ்ப் படிவமே இருக்கிறது என்று நான் பெருமையோடு கொடுத்தனுப்பினேன். இரண்டு வாரத்தில் நிரப்பப்பட்ட படிவமும் பதிவுப் புத்தகமும் வந்தன. கடன் கொடுத்திருந்த கொம்பனியின் விடுவிப்புக் கடிதமும் கூடவே இருந்தது. பெயர் எழுத்துப் பிசகாமல் சரி. படிவம்தான் தலைகீழ். இடது பக்கத்தில் சன்னாசியின் பெருவிரல் அடையாளம், வலது பக்கத்தில் துரையின் கையொப்பம். அதாவது, சன்னாசி தன்னிடம் இல்லாத காரைத் துரைக்கு விற்றிருந்தார். நான் அதைப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தேன். பிழை என்று பென்சிலில் எழுதித் திருப்பி அனுப்பினேன். அது போய்ச் சேருமுன் துரை கப்பல் ஏறிவிட்டார்.

சன்னாசி அந்தப் படிவத்தோடு முதல் தடவை வந்தபோது, அதைக் கோப்பில் வாங்கி வைத்துக்கொண்டு, துரை புதிதாகக் கையொப்பமிட வேண்டும் என்றேன். துரை எங்கேயென்று கேட்டால் கடலைக் காட்ட வேண்டிய நிலை. சீமைக்கு எழுதினோம். இரண்டாவது தடவை அவர் வந்தபோது பதில் வந்திருந்தது. எழுதியவர் துரையின் சகோதரி. ஊர் சேர்ந்த சில வாரங்களில் துரை மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று எழுதி, இலங்கையில் மழை எப்படி என்றும் விசாரித்திருந்தார். இனி நீதிமன்றம் போய்த்தான் தீர்க்கவேண்டும் என்று சன்னாசியிடம் சொன்னேன். சொல்வதற்கு எளிதாகத்தான் இருந்தது. அவர் தலையாட்டிவிட்டு எல்கடுவைக்கு நடந்தார். அனுமதிப்பத்திரம் இல்லாததால் காரை எடுக்க முடியாது. அந்த மலைப்பாதையில் அவர் நடந்தே வந்தார், நடந்தே போனார்.

இதற்குள் புதுத் துரை, நம் நாட்டவர்தான், தன் சொந்த டிரைவரோடு வந்து சேர்ந்தார். சன்னாசிக்கு வேலை போயிற்று. புதுத் துரை எங்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். கார் இன்னும் முன்னைய துரையின் பெயரில் இருப்பதாலும், தோட்டத்து ஷெட்டில் நிற்பதாலும், அது தோட்டத்தின் பொறுப்பில் உள்ளது. மாதக் கடைசிக்குள் வேறு உரிமை நிரூபிக்கப்படாவிட்டால் தோட்டம் எடுத்துக்கொள்ளும். ஷெட்டுக்குப் புதுப் பூட்டும் போட்டுவிட்டார்.

மூன்றாவது தடவை சன்னாசி வந்தது அதன் பிறகு. கவுன்டரில் சாய மாட்டார். ஓர் அடி தள்ளித்தான் நிற்பார்.

“ஐயா, கணக்கப்பிள்ளை ஒண்ணு கேட்டு வரச் சொன்னாருங்க. அவருதான் தொரைக்குப் பேப்பரப் படிச்சுக் காட்டுனாரு. எழுதியிருக்கிற மாதிரியேதான் செஞ்சோம்னு சொல்றாருங்க. எந்த எடத்துல தப்புன்னு தொட்டுக் காட்டுனா, தெரிஞ்சுக்குவேன்னாரு.”

தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்கு இவ்வளவு ரோசமா என்று நினைத்துக்கொண்டு, தொட்டுக் காட்டுவதற்காகவே படிவத்தை எடுத்தேன். இடது பக்கத்துக் கட்டத்தில் விரலை வைத்தேன். கையேற்பவர் என்று இருந்தது. வலது பக்கம் பார்த்தேன். கையளிப்பவர். என் கையெழுத்து, நான் வெட்டிய ஸ்டென்சில்.

இரண்டு வருடமாக எவரும் கண்டுபிடிக்காததன் காரணம் அந்த நொடியே விளங்கியது. கவுன்டருக்கு வருகிறவர்களுக்கு விற்றவருக்கு இடதும் வாங்கியவருக்கு வலதுமாக நாங்களே பென்சிலால் புள்ளடிக் குறி போட்டுக் கொடுப்போம். அவர்கள் புள்ளடியில் கையொப்பமிடுவார்கள். தலைப்பை அவர்களும் வாசிக்கவில்லை, நாங்களும் வாசிக்கவில்லை. அத்தனை தமிழ்ப் படிவங்களிலும் எழுத்தெழுத்தாக வாசித்து நிரப்பப்பட்டது ஒன்றுதான். பிழை என்று நான் திருப்பி அனுப்பியதும் அந்த ஒன்றைத்தான்.

என் விரல் கட்டத்திலேயே நின்றதைச் சன்னாசி வேறு விதமாக எடுத்துக்கொண்டார்.

“எங்க மேலதான் தப்புன்னா மன்னிச்சுக்கங்க ஐயா. படிக்காத ஆளுங்க. ஒங்களுக்கும் வீண் தொந்தரவு.”

அடுத்த திங்கட்கிழமை வாருங்கள் என்றேன்.

அப்போது எனக்கு உத்தியோகம் நிரந்தரமாகும் தறுவாய். கல்யாணமும் பேசியிருந்தார்கள். பெண்ணின் வாப்பா என் வாப்பாவிடம் கேட்ட ஒரே கேள்வி, மாப்பிள்ளையின் உத்தியோகம் நிரந்தரமா என்பது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த இரண்டு சொற்களும் கூடவே வந்தன. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போனேன். குத்பாப் பிரசங்கத்தில் மௌலவி அமானிதத்தைப் பற்றி, நம்பி ஒப்படைத்ததைக் காப்பதைப் பற்றிப் பேசியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் பிறை பார்ப்பதைப் பற்றிப் பேசினார். யாரும் என்னைத் தள்ளவில்லை. சன்னாசி மன்னிப்புக் கேட்டதுதான் தொண்டையில் மீன் முள் மாதிரி நின்றது. பள்ளிவாசலிலிருந்து நேரே கந்தோருக்குப் போய் ஹேரத் மாத்தயாவின் மேசை முன் நின்றேன்.

அவர் போய்க் கை கழுவிவிட்டு வந்தார். படிவத்தை வாங்கி, இரண்டு தலைப்பையும் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். பிறகு சிங்களத்தில் சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொல்லச் சொன்னார். அலுமாரியைத் திறந்து, தாம் சரிபார்த்துக் கையொப்பமிட்ட மூலப்பிரதியை எடுத்து, பக்கத்தில் வைத்துக்கொண்டார். எழுத்து வரிசையாகத்தான் இருந்தது.

அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

“இந்த டிரைவரின் படிவம் சரி. மற்றதெல்லாம் பிழை. அப்படித்தானே?”

“ஆமாம் மாத்தயா.”

“இதை வெளியில் சொல்லாமல் இவருக்கு மட்டும் ஏதாவது செய்யலாமா என்று யோசித்தாயா?”

யோசித்தேன் என்றேன்.

“நானும் இப்போது அதைத்தான் யோசித்தேன்” என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தார்.

கொழும்புக்கு அவர் எழுதிய கடிதம் அரைப் பக்கம். துரையின் கையொப்பம் தமிழ்ப் படிவம் கேட்ட இடத்திலேயே இருப்பதால் கைமாற்றம் கையொப்பமிட்ட நாளிலிருந்தே செல்லும் என்று தொடங்கியது. மற்ற தமிழ்ப் படிவங்களில் தலைப்பு மாறியிருக்கிறது. ஒவ்வொன்றையும் இரு தரப்பாரின் சுருக்கொப்பத்தோடு திருத்தித் தருவோம் என்று தொடர்ந்தது. கடைசியில் நான்கு வசனம்: மொழிபெயர்த்தவர் என் எழுதுவினைஞர். பிழையைத் தாமாகவே வந்து தெரிவித்தவரும் அவரே. சரிபார்த்ததாகக் கையொப்பமிட்டவன் நான். எனக்குத் தமிழ் தெரியாது.

திங்கட்கிழமை வந்த சன்னாசியிடம், கொழும்புக்கு எழுதியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை காரில் கைவைக்க வேண்டாம் என்று புதுத் துரைக்கும் ஒரு கடிதம் போனது. கொழும்பு ஏற்றுக்கொண்டது. எனக்கு நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. ஹேரத் மாத்தயாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதை அவருடைய கோப்பில் சேர்க்கவேண்டியவன் நான். முதல் துளை கோணலாக விழுந்தது. நேராகத் துளை போடு என்று மட்டும் சொன்னார். பெண்ணின் வாப்பா ஒரு வருடம் காத்திருக்கச் சம்மதித்தார். தாமாகப் போய்ப் பிழையை ஒப்புக்கொள்ளும் மாப்பிள்ளை குடும்பத்துக்கு நல்லதா கெட்டதா என்று அவர் கடைசி வரையில் முடிவுக்கு வரவில்லை.

தோட்டத்து ஷெட்டின் பூட்டு சன்னாசிக்குத் திறந்தது. கறுப்புக் காரை அவர் கழுவித் துடைத்துக் கந்தோருக்குக் கொண்டுவந்தார். நான் அடியில் படுத்துச் செசி நம்பரைத் தேய்த்து எடுத்தேன். வெளியே வந்தபோது என் முதுகுப் புழுதியைத் தட்ட அவர் கை நீட்டினார், பிறகு இழுத்துக்கொண்டார். தவறு யாருடையது என்று அவரிடம் சொன்னேன். கணக்கப்பிள்ளை கேட்டால் சந்தோசப்படுவாரு என்றார். அதன் பிறகு அந்தக் கார் எல்கடுவைக்கும் மாத்தளை ஆஸ்பத்திரிக்கும் இடையில் வருடக்கணக்காக ஓடியது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள் சில பேர் அதன் பின்சீட்டில்தான் பிறந்தார்கள் என்று கேள்வி.

என் ஞாயிற்றுக்கிழமைகள் திருத்தத்தில் போயின. ஒவ்வொரு படிவத்துக்கும் விற்றவரையும் வாங்கியவரையும் தேடிப்போய்ச் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். முதலில் பலாபத்வலயில் எங்கள் ஆளான ஒரு நானாவிடம் போனேன். ட்ரெக்டர் ஒன்றை வில்கமுவவுக்கு விற்றவர். உண்மையை உள்ளபடி விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

“அப்ப கடுதாசிப்படி ட்ரெக்டர் இன்னும் என்டதா?” என்று சட்டையை மாட்டத் தொடங்கினார்.

அவரை உட்காரவைத்துச் சுருக்கொப்பம் வாங்க ஒரு மத்தியானம் ஆயிற்று. வில்கமுவவுக்கு நாளுக்கு ஒரு பஸ். அங்கே வாங்கியவர், கையில் கோப்போடு நான் வரப்பில் வருவதைக் கண்டதும், ட்ரெக்டரைப் பறிக்க வந்தவன் என்று நினைத்து அதை வயலின் மறுகோடிக்கு ஓட்டிக்கொண்டு போய்ச் சேற்றில் புதைத்துவிட்டார். இரண்டு எருமை கட்டி இழுத்தோம். நானும் இழுத்தேன். பஸ்ஸையும் விட்டுவிட்டேன்.

ஹேரத் மாத்தயா இதைக் கேட்டுவிட்டு, இனிமேல் யாருக்கும் விளக்க வேண்டாம், புள்ளடி போட்டுக் கொடுத்துச் சுருக்கொப்பம் வாங்கிக்கொண்டு வா என்றார். அப்படியே செய்தேன். எவரும் வாசிக்காததால் வந்த பிழையை, எவரையும் வாசிக்க விடாமல் திருத்தி முடித்தோம்.

ஹேரத் மாத்தயா பதவி உயர்வு இல்லாமலேயே ஓய்வு பெற்றார். நான் அவருடைய நாற்காலிக்கு வந்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் சன்னாசி, பாக்கு வியாபாரி ஒருவரோடு வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. காரை விற்க வந்திருந்தார். இரு அரசாங்கங்களும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்படுகிற தோட்டத் தொழிலாளர்களின் பட்டியலில் அவர் குடும்பமும் இருந்தது. காரின் புத்தகத்தில் அது எங்கே செய்யப்பட்டது, எப்போது கப்பலில் வந்து இறங்கியது என்று எல்லாம் பதிந்திருந்தது. அதை யாரும் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. சன்னாசி எல்கடுவ லயத்தில் பிறந்தவர். அதற்கு அவரிடம் கடுதாசி இல்லை.

இப்போது அவர் கையொப்பமிடக் கற்றிருந்தார். படிவத்தை நானே வாசித்துக் காட்டினேன், தலைப்பையும் சேர்த்து. எல்லாம் நிரம்பியது. விற்றவரின் புதிய விலாசம் என்ற கட்டம் மட்டும் மிஞ்சியது.

“போற எடத்துல வீடு எதுன்னு தெரியாதுங்க. கப்பல விட்டு எறங்குன பொறவு சொல்லுவாங்களாம்.”

“லயத்து விலாசத்தையே போடவா, சன்னாசி அண்ணே?”

“நாங்க இருந்த காம்பராவ நேத்தே வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. எனக்காகப் பொய்யா எழுதாதீங்க.”

கட்டத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்டேன். வெறுமையான கட்டம் உள்ள படிவத்தைக் கொழும்பு திருப்பி அனுப்பும், அது விதி. திரும்பி வந்தால் என்ன பதில் எழுதுவது என்று இரண்டு வாரம் யோசித்து, சிங்களத்தில் ஒரு பந்தி எழுதியும் வைத்திருந்தேன். ஹேரத் மாத்தயாவாக இருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று பார்த்துப் பார்த்து எழுதியது. படிவம் திரும்பி வரவில்லை. பாக்கு வியாபாரியின் பெயரில் புத்தகம் ஒழுங்காக வந்து சேர்ந்தது. சன்னாசி எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.